முழுங்கும் வரை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், முடிச்சூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பி பிளாக் மூன்றாம் மாடி வீட்டில் இருந்தவர்கள்:

எட்மண்ட். பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே முப்பது வருஷம் மின்சார ரயில் ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. ஹாலில் ஜன்னலோரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

யூனிஸ். அவருடைய மருமகள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில் வேலையை ராத்திரி முழுக்க வீட்டிலிருந்தே பார்க்கிறவள். உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தேசம்மா. காலையில் வந்து எட்மண்டைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டுப் போகிறவள். குளியலறையில் வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

லாசரஸ். கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு வழித்துணை மாதா கோயிலிலிருந்து நன்மையை, பூசையில் கொடுக்கும் அப்பத்தை, கொண்டுவந்து கொடுக்கிறவர். செருப்பை மட்டும் கழற்றிவிட்டு, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியபடி கட்டிலருகே நின்றார்.

கடைசியாக, லாசரஸ் கழுத்தில் தொங்கிய தோல் பைக்குள், ஒரு சின்னச் சிமிழில், நற்கருணை; கிறிஸ்துவே என்று கத்தோலிக்கர்கள் நம்புகிற அந்த அப்பம். லாசரஸைக் கேட்டால் அதையும் சேர்த்து ஐந்து பேர் என்பார். யூனிஸைக் கேட்டால் நான்கு பேர். எட்மண்டைக் கேட்டால் "சரி" என்பார். அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே வார்த்தை அதுதான். பசிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான், கொசு கடித்தாலும் அதுதான்.

லாசரஸ் அன்றைக்குத் தாமதம். தீபாவளிக்கு ஊருக்குப் போன கார்களெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பிவந்து பெருங்களத்தூரில் முட்டிக்கொண்டு நின்றன. தூறல் வேறு. அந்தப் பக்கத்து இரண்டு வீடுகளை முடித்துவிட்டு வர வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிவிட்டது. போகவேண்டிய வீடுகள் இன்னும் எட்டு இருந்தன. பாக்கெட்டில் செல்போன் துடித்துக்கொண்டே இருந்தது.

பங்குத் தந்தை ஜெர்சன் அடிகளாரின் ஏற்பாடு இது. இளம் வயது, சுறுசுறுப்பு. மக்கள் கோயிலுக்கு வர முடியாவிட்டால் கோயில் மக்களிடம் போக வேண்டும் என்று ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார், மறு ஞாயிறே ஆரம்பித்துவிட்டார். படுக்கையில் இருப்பவர்கள், அவர்களை விட்டு நகர முடியாதவர்கள், இரவு வேலை முடிந்து விடிகாலை வீடு திரும்பும் நர்ஸ்கள் என்று வாட்ஸப் குழுவில் பேர் சேர்ந்துகொண்டே போனது. ஆளுக்கொரு நேரம். ஒரு வீட்டில் நோயாளித் தாயாரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிற புருஷனும் பெண்டாட்டியும் வேறு வேறு ஷிஃப்ட். இரண்டு பேரும் சேர்ந்து கண் திறந்திருப்பது ஞாயிறு காலையில் அரை மணி நேரம்தான். அந்த அரை மணிக்குள் லாசரஸ் போய் நிற்க வேண்டும். கோயில் இளைஞர்கள் இதற்கு டோர் டெலிவரி என்று பேர் வைத்திருந்தார்கள். லாசரஸுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஆனால் முடிச்சூர் குடியிருப்பின் வாசல் காவலாளியும் அவர் வந்தால் தன் செல்போனில் 'டெலிவரி' என்றுதான் தட்டுவான். 'விருந்தினர்' என்று தட்டினால் வீட்டுக்காரர் அனுமதி கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். டெலிவரி என்றால் நேராக லிஃப்ட்டுக்குப் போகலாம். இரண்டாவது வாரமே லாசரஸ் அதைத் திருத்துவதை விட்டுவிட்டார். நேரம் மிச்சம்.

எட்மண்ட் வீட்டுக்கு என்று ஒரு முறை உண்டு. யூனிஸ் ஏற்கெனவே சொல்லி, லாசரஸ் ஒத்துக்கொண்டது. எட்மண்டுக்குத் திடமாக எதுவும் இறங்காது. சோறும் பருப்பும் மிக்ஸியில் அடித்த கூழ்தான். வெறும் தண்ணீர்கூடப் புரையேறும். அதில் ஒரு பவுடரைக் கலந்து கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஆகவே அப்பத்தில் நகக்கண் அளவு கிள்ளி, அந்தக் கெட்டித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சேர்த்து, கட்டிலின் தலைமாட்டை நிமிர்த்தி வைத்து, இறங்கும்வரை நின்று பார்க்க வேண்டும். ஸ்பூனும் தண்ணீரும் தேசம்மா கொண்டுவருவாள்.

அன்று தேசம்மா குளியலறையில் இருந்தாள். கீசரிலிருந்து வாளியில் தண்ணீர் கொட்டும் சத்தத்தில் லாசரஸ் ஒரு முறை கூப்பிட்டது கேட்கவில்லை. இரண்டாவது முறை அவர் கூப்பிடவில்லை. செல்போன் துடித்தது. சிமிழைத் திறந்து முழு அப்பத்தை எடுத்து உயர்த்தினார்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

"சரி," என்றார் எட்மண்ட். ஆமென் வர வேண்டிய இடத்தில் அதுதான் வரும். வாயைத் திறந்தார். லாசரஸ் வைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, ஹெல்மெட்டோடு வெளியே போய்விட்டார்.

தேசம்மா வாளியோடு வந்தபோது ஈரச் செருப்பின் தடம் மட்டும் வாசலில் இருந்தது.

"இன்னா பெர்சு, வந்தாரு, பூட்டாரா? காத்து மாரி வராரு, காத்து மாரி போறாரு."

"சரி."

அவள் துடைக்க ஆரம்பித்தாள். முதலில் முகம், கழுத்து, விழுந்த கையின் இடுக்குகள். பிறகு ஒருக்களித்துப் புரட்டி முதுகு. எட்மண்ட் கனமான ஆள். புரட்டும்போது தேசம்மா தன் முட்டியைக் கட்டில் விளிம்பில் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளுவாள். டயப்பரை மாற்றி, பழையதைச் சுருட்டி, மூடாமல் கீழே வைத்தாள். கடைசியில் வாய். சுண்டுவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஈறு, நாக்கு, உணர்ச்சியில்லாத வலது கன்னத்தின் உட்புறம். சோறு அங்கேதான் அடங்கிக் கிடக்கும்; அது இருப்பது அவருக்கே தெரியாது.

வெள்ளையாக, நைந்து, ஏதோ வந்தது. தேசம்மா வழித்தாள். துணியோடு டயப்பருக்குள் போட்டுச் சுருட்டி, பையில் கட்டி, தரைத்தளத்துச் சிவப்புக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

வந்து பார்த்தால் எட்மண்ட் இடது கையால் கட்டில் கம்பியை அடித்துக்கொண்டிருந்தார். அடி என்றால் சும்மா அடி இல்லை. கம்பி அதிர்ந்தது.

"சரி! சரி! சரி!"

"இன்னா வோணும்? கஞ்சியா? தோ ஆத்தினு கீறேன்."

"சரி!"

உள்ளறைக் கதவு திறந்தது. இரவு வேலைக்காரர்களின் காலைத் தூக்கம் மெல்லிய தூக்கம். மிக்ஸி, குக்கர், மாடி வீட்டில் நாற்காலி இழுப்பது எல்லாம் அதற்குள் கலந்துதான் இருக்கும். ஆனால் பழகாத சத்தம் ஒன்று கேட்டால் போதும், மீதித் தூக்கமும் போய்விடும். யூனிஸ் நைட்டியோடு, கலைந்த முடியோடு, கண் திறக்காமலே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரே ஒரு தரம்தான் எழுந்திருப்பாள். தேசம்மா போனதும் வாசல் கதவை உள்பக்கம் சாவி போட்டுப் பூட்டுவதற்கு. சும்மா சாத்தி வைத்த கதவைத் திறந்து பார்சல்காரன் ஒருவன் ஹால்வரை வந்து நின்ற நாளிலிருந்து அந்த வழக்கம்.

"என்னாச்சு தேசம்மா? எதுக்கு அடிக்கிறாரு?"

"தெரிலயே மேடம். நல்லாத்தான் இருந்தாரு. வாயத் தொடச்சேன், அத்தொட்டு ஒரே ரகள."

"வலிச்சிடுச்சா?"

"நா இன்னா பல்லா புடுங்குனேன்? கன்னத்துல இன்னாவோ அடக்கிகினு இருந்தாரு. வெள்ளையா, நனஞ்ச அப்பளமாட்டம். வழிச்சிப் போட்டேன்."

யூனிஸ் கண்ணைத் திறந்தாள்.

"லாசரஸ் அங்கிள் வந்தாரா?"

"வந்தாரு, பூட்டாரு."

"நீ ஸ்பூன் குடுத்தியா?"

"நா பாத்ரூம்ல கீறேன், என்னாண்ட எங்க கேட்டாரு?"

யூனிஸ் செல்போனை எடுத்தாள். அவள் பிறந்தது சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்ட் வீட்டில். அவர்கள் சபையில் திருவிருந்து மாதம் ஒரு முறை. மிச்சத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிற வழக்கம் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், பூசையில் நன்மை வாங்கும்போது ஒரு சின்னத் துணுக்கு தரையில் விழுந்து, மாமியார் மண்டிபோட்டு அதை நாக்கால் எடுத்ததைப் பார்த்தவள். அதை அவளால் நம்ப முடிந்ததில்லை. ஆனால் இந்த வீட்டில் அது என்ன என்பது அவளுக்குத் தெரியும்.

லாசரஸுக்குப் போன் செய்தாள்.

"அங்கிள், யூனிஸ் பேசறேன். மாமாவுக்கு இன்னிக்கு என்ன குடுத்தீங்க? துண்டா, முழுசா?"

அந்தப் பக்கம் வண்டி ஹாரன் சத்தம் மட்டும்.

"அங்கிள்."

"முழுசும்மா."

"முழுங்கினாரா பார்த்தீங்களா?"

"இல்லம்மா, கிளம்பிட்டேன்."

"அது இப்ப டயப்பரோட குப்பைல இருக்கு. வண்டி வந்துடும். வர்றதுன்னா வாங்க."

லாசரஸ் வந்த வேகத்தில் ஹெல்மெட்டின் கொக்கியைக் கழற்ற மறந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. தேசம்மாவைப் பார்த்துக் கத்த வாயெடுத்து, கத்துவதற்கு இடமில்லை என்று தெரிந்து மூடிக்கொண்டார்.

"எந்தக் கூடைல போட்டே?"

"செவப்புல. ஆனா சார், அதுல எல்லா வூட்டுதும் கீது. இன்னிக்கு ஞாயித்துக்கெழம வேற, அல்லாரும் வூட்ல கீறாங்க, ரொம்பிக் கெடக்கும்."

லாசரஸ் திரும்பினார், இரண்டடி வைத்தார், நின்றார். கை தானாகக் கழுத்துக்குப் போனது. தோல் பை. அதற்குள் மீதி எட்டு வீட்டுக்கானது.

"இதை வெச்சுக்கிட்டு அங்க போகக் கூடாது," என்றார்.

"அப்ப இங்க வெச்சுட்டுப் போங்க."

அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். மேசையில் லேப்டாப், நேற்றிரவு தின்ற மிக்சர் பாக்கெட், எட்மண்டின் மாத்திரை டப்பா. பிரிட்ஜ் மேல் வெங்காயக் கூடை. மாமியாரின் படத்துக்குக் கீழே பீடத்தில் தூசி, எரியாத சீரியல் பல்பு.

"எங்கிட்ட குடுங்க. கைல பிடிச்சுட்டு நிக்கறேன்," என்றாள் யூனிஸ்.

லாசரஸ் தயங்கினார். ஒரு வினாடிதான். ஆனால் தயங்கினார்.

"ஓ," என்றாள் யூனிஸ். "நான் தொடக் கூடாதோ. சரி விடுங்க."

"அப்படி இல்லம்மா, முறைன்னு ஒண்ணு..."

"முறைப்படிதானே முழுசா வாயில வெச்சுட்டு ஓடினீங்க?"

கட்டில் கம்பியில் சத்தம். எட்மண்ட் இடது கையை நீட்டியிருந்தார். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் விரிந்து.

"சரி," என்றார்.

லாசரஸ் பையைக் கழற்றினார். என்ன செய்கிறோம் என்று அவர் யோசித்தது மாதிரித் தெரியவில்லை. எட்மண்டின் தலையைத் தூக்கி, கயிற்றை மாட்டி, பையை நெஞ்சின் நடுவே வைத்தார். எட்மண்டின் கை அதன்மேல் வந்து மூடியது. கம்பியை அடிப்பது நின்றது.

"நா பாத்துக்கறேன், போங்க," என்றாள் தேசம்மா. "பெர்சும் நானும் காவல் கீறோம். ஒரு பையன் கிட்ட வர மாட்டான்."

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய கட்டடம் அது. தரைத்தளத்தில் வீடு கிடையாது, வண்டிகள் மட்டும். கடைசித் தூணுக்குப் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று கூடைகள். தூறல் நின்று புழுக்கம் கிளம்பியிருந்தது. எதிர்க் கறிக்கடையில் ஆட்கள் குடையோடு வரிசையில் நின்றார்கள். சிவப்புக் கூடையின் மூடியைத் திறந்ததும் லாசரஸ் முகத்தைத் திருப்பினார். யூனிஸ் திருப்பவில்லை. அவளுக்குப் பழக்கம்.

"கைல இதை மாட்டுங்க," என்று எட்மண்டின் கையுறை டப்பாவிலிருந்து ஒரு ஜோடி கொடுத்தாள். "நம்ம வீட்டுப் பை கறுப்பு. ரெண்டு முடிச்சு இருக்கும். தேசம்மா எப்பவும் ரெண்டு முடிச்சு போடுவா."

கறுப்புப் பையில்லாத வீடே அந்தக் குடியிருப்பில் இல்லை போலிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார்கள். கைக்குழந்தை வீட்டுப் பை. பொம்பளைகள் சமாச்சாரம். யாரோ இன்சுலின் ஊசியைக் கழற்றாமல் போட்டிருந்தார்கள்.

"யாரது? என்ன பண்றேள் அங்க?"

குடியிருப்புச் சங்கச் செயலாளர் சத்யநாராயணன். பால் பாக்கெட்டோடு நின்றார். "ரெட் பின்ல கை போடப்படாது. போர்டு வெச்சிருக்கோமே பாக்கலையா?"

லாசரஸ் நிமிர்ந்தார். "சார், அது வந்து, எங்க..."

"மோதிரம் சார்," என்றாள் யூனிஸ். "மாமாவைத் துடைக்கறப்ப விழுந்துடுச்சு."

"அடடா. தங்கமா?"

"ஆமா."

"தேடுங்கோ, தேடுங்கோ. கல் வெச்சதா?"

"இல்ல சார். பிளெயின்."

லாசரஸ் அவளை முறைத்தார். சத்யநாராயணன் பாலை ஒரு வண்டி சீட்டில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார். உள்ளே வந்துகொண்டிருந்த குப்பை வண்டிக்காரனைக் கை நீட்டி நிறுத்தினார். "இருப்பா, பி பிளாக்ல மோதிரம் காணும். எடுத்தப்புறம்தான் நீ எடுக்கணும்." தள்ளிப் போய் நின்று, உதவ முடியாத தூரத்தில், உற்சாகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா பொய்?" என்றார் லாசரஸ் மெல்ல.

"உண்மையைச் சொன்னா அவர் புரிஞ்சுப்பார் அங்கிள். புரிஞ்சுட்டு, எங்க மாமா இந்த நிலைமைல இருக்கார், வாயில வெச்சது டயப்பர்ல போயிடுச்சுன்னு பிளாக் முழுக்கச் சொல்லுவார். மோதிரம்னா ஒரு நாள்ல மறந்துடுவார்."

இரண்டு முடிச்சுப் பை அடியில் இருந்தது. யூனிஸ்தான் பிரித்தாள். துணியில் அது ஒட்டியிருந்தது. பாதி கரைந்த, விரல் நுனி அளவு வெள்ளை. லாசரஸ் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து விரித்தார். யூனிஸ் துணியோடு எடுத்து அதில் வைத்தாள். இப்போது அவர் தயங்கவில்லை.

"கிடைச்சுதா?" தூரத்திலிருந்து குரல்.

"கிடைச்சுது சார்!"

"எத்தனை பவுன்?"

மேலே எட்மண்ட் அப்படியே இருந்தார். தேசம்மா நாற்காலியை வாசலைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்து, பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். "ஒரு சத்தம் இல்ல மேடம். கஞ்சி குடுத்தா வோணான்னுட்டாரு. கைய எடுக்கவே மாட்டேன்றாரு."

லாசரஸ் ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றி, துணியிலிருந்து அதை உள்ளே அலசி விட்டார். பீடத்தின் தூசியை யூனிஸ் நைட்டி நுனியால் துடைத்தாள். டம்ளர் மாமியாரின் படத்துக்குக் கீழே உட்கார்ந்தது.

"இது முழுக்கக் கரையணும். அப்புறம் அந்தத் தண்ணியைக் காலடி படாத மண்ல ஊத்தணும்."

"மூணாவது மாடில மண்ணுக்கு எங்க போறது? பால்கனில கறிவேப்பிலைத் தொட்டிதான் இருக்கு."

"அது போதும்."

"ஊத்தினப்புறம் அந்தக் கறிவேப்பிலைய சாம்பார்ல போடலாமா?"

லாசரஸ் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "ஃபாதரைக் கேட்டுச் சொல்றேன்."

தேசம்மா டீ புரையேறச் சிரித்தாள். யூனிஸுக்கும் சிரிப்பு வந்து, வந்த இடத்திலேயே நின்றது.

லாசரஸ் கட்டிலருகே போய்த் தோல் பையைப் பிடித்தார். எட்மண்ட் விடவில்லை. ஒரு விரலை நிமிர்த்தினால் இன்னொன்று மூடிக்கொண்டது. ரயிலின் கைப்பிடியை வாழ்நாள் முழுக்க அழுத்திப் பிடித்த கை. விட்டால் வண்டி நின்றுவிடும்.

"எட்மண்ட் சார், குடுங்க. மத்தவங்க காத்துட்டிருக்காங்க."

"சரி," என்றார் எட்மண்ட், இன்னும் இறுக்கி.

யூனிஸ் குனிந்து அவர் காதருகே உரக்கச் சொன்னாள். "மாமா. தாம்பரம் வந்தாச்சு. விடுங்க."

விரல்கள் திறந்தன.

லாசரஸ் பையை மாட்டிக்கொண்டு திரும்பியபோது யூனிஸ் வாசலில் நின்றிருந்தாள். குரலை உயர்த்தாமல்தான் பேசினாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து வர வேண்டாம் அங்கிள்."

"யூனிஸ், தப்பு என்னோடதுதான். டிராஃபிக். எல்லாரும் வேலைக்குப் போறவங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு டைம்..."

"மாமா வேலைக்குப் போகல, அதனால அவருக்கு டைம் கிடையாது. அதானே? அவர் ஓட்டின ரயில்கூட ஒரு ஸ்டேஷன்ல உங்களைவிட அதிக நேரம் நின்னிருக்கும்."

லாசரஸ் கழுத்தில் பையின் கயிற்றைச் சரிசெய்தார்.

"இன்னிக்குக் கன்னத்துல தங்கிச்சு. தொண்டைக்குப் போயிருந்தா? உங்க குரூப்ல ஒரு ஆர்.ஐ.பி. போடுவீங்க. நான் அவர் மகனுக்கு என்ன சொல்றது?"

அன்றைக்கு மீதி எட்டு வீட்டுக்கும் லாசரஸ் போனார். இரண்டு வீட்டில் ஆட்கள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

ஜெர்சன் அடிகளாரிடம் மாலையில் எல்லாவற்றையும் சொன்னார். அடிகளார் நெற்றியைத் தடவிக்கொண்டு கேட்டார். திட்டவில்லை. "எட்மண்ட் ஐயாவைக் குழுவிலேர்ந்து எடுத்துடுங்க அங்கிள். மாசம் ஒரு தடவை நானே போறேன், டைம் கிடைக்கறப்ப. உங்களுக்கும் பாரம் குறையும்." குறையும்தான். லாசரஸுக்கு அதைக் கேட்டதும் ஒரு நிம்மதி வந்தது. வந்ததற்காக அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யூனிஸ் வீட்டில் வாரம் சரியாகப் போகவில்லை. எட்மண்ட் கூழைத் தள்ளினார். கெட்டித் தண்ணீரை மட்டும் குடித்தார். இடது கை சட்டையின் நடுப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை பொத்தான் கையோடு வந்துவிட்டது. தேசம்மா தைத்தாள். பகலில் யூனிஸ் கண் அசரும் நேரம் பார்த்துக் கம்பியில் சத்தம் கேட்கும். வந்து நின்றால் பீடத்தைப் பார்ப்பார். டம்ளரில் கரைந்துபோய் வெறும் தண்ணீர்தான் இருந்தது. அவள் அதைக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றி, அவர் பார்க்கும்படி வெற்று டம்ளரைக் காட்டினாள். அன்றிலிருந்து அவர் அவளைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்.

ஓமனிலிருந்து அவள் புருஷன் ஜோனத்தான் வீடியோவில் வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். "அப்பாவுக்கு அது ஒண்ணுதான் யூனிஸ் இருக்கு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன்."

"நீ வந்து அட்ஜஸ்ட் பண்ணு."

"லீவு இல்லன்னு தெரியும்ல?"

"எனக்கும் இல்ல. ராத்திரி வேலை, பகல்ல உங்கப்பா. நடுவுல தூங்கறதுக்குப் பேர்தான் அட்ஜஸ்ட்மென்ட்டா?"

சனிக்கிழமை காலை எட்மண்ட் இடது கை விரலால் தாடையைத் தேய்த்தார். மறுநாள் ஞாயிறு என்றால் அப்படித்தான் கேட்பார், சவரம் பண்ணிவிடச் சொல்லி. நாள் கிழமை எப்படித் தெரிகிறதோ.

"நாளைக்கு யாரும் வர மாட்டாங்க மாமா," என்றாள் யூனிஸ்.

"சரி." விரல் தாடையிலேயே இருந்தது. தேய்த்த இடம் சிவந்தது.

அவள் பால்கனிக்குப் போனாள். கறிவேப்பிலைச் செடியை முறைத்துக்கொண்டு நின்றாள். அந்த வாரம் முழுக்கக் கடையில் கறிவேப்பிலை வாங்கியிருந்தாள், ஏனென்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. லாசரஸுக்குப் போன் போட்டாள்.

"அங்கிள், நான் சொல்றதை மட்டும் கேளுங்க. எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது. எனக்குத் தூக்கம் வேணும். நீங்க வராட்டி அவர் தூங்க விட மாட்டார். வந்து அவசரப்பட்டீங்கன்னா அவர் செத்துடுவார். புரியுதா?"

"புரியுதும்மா."

"நகக்கண் அளவு. நான் பவுடர் கலந்து வெச்சுடுவேன். தலைமாட்டை நேரா நிமிர்த்தணும். குடுத்துட்டுப் பக்கத்துல உக்காரணும். ஒவ்வொரு அஞ்சு நிமிஷமும் டார்ச் அடிச்சு வலது கன்னத்தைப் பாக்கணும். இறங்கினப்புறமும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. வாந்தி வந்தா என்னை எழுப்பணும்."

"கடைசி வீடா வெச்சுக்கட்டுமா? மத்ததை முடிச்சுட்டு நிதானமா..."

"முடியாது. நான் ஷிஃப்ட் முடிஞ்சு காலையில கொஞ்ச நேரம்தான் முழிச்சிருப்பேன். முதல் வீடு. முடியும்னா வாங்க, இல்லாட்டி விடுங்க."

லாசரஸ் குழுவில் எழுதினார்: நாளை எல்லோருக்கும் தாமதமாகும். எவ்வளவு என்று பத்துப் பேர் கேட்டார்கள். அடிகளாரும் கேட்டார். அவர் பதில் போடவில்லை.

ஞாயிறு காலை மழை பிடித்துக்கொண்டிருந்தது. வாசல் காவலாளி கூண்டுக்குள்ளிருந்தே செல்போனை நீட்டினான். "டெலிவரிதானே சார்?"

"இல்லப்பா. விருந்தாளின்னு போடு."

"அப்ப மேடம் ஓகே குடுக்கணும், நிக்கணுமே. நனைவீங்க."

"பரவால்ல."

நின்றார். மழைக்கோட்டுக்குள் கையை விட்டுப் பையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் காவலாளியின் செல்போன் டிங் என்றது.

மேலே கதவைத் திறந்தது தேசம்மா. போகிற அவசரத்தில் குடையைத் தேடிக்கொண்டிருந்தாள். கட்டிலில் எட்மண்ட் சவரம் செய்து, நெற்றியில் பவுடர் தீற்றி, நிமிர்ந்து உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். பீடத்தில் தூசி இல்லை. மேசையில் ஸ்பூன், கெட்டித் தண்ணீர்க் கிண்ணம், டார்ச். கட்டிலருகே ஒரு நாற்காலி.

லாசரஸைப் பார்த்ததும் எட்மண்டின் இடது கை பொத்தானை விட்டது.

"ஹெல்மெட்டைக் கழட்டுங்க," என்றாள் யூனிஸ். கண் சிவந்திருந்தது, இன்னும் காதில் ஆபீஸ் ஹெட்போனின் அழுத்தம். "மழைக்கோட்டையும். உக்காருங்க. டீ வேணும்னா பிளாஸ்க்ல இருக்கு."

"இதைக் கழுத்துல வெச்சுக்கிட்டு டீ..."

"அப்ப வேணாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கறே?"

"அவரைக் கேளுங்க."

"சரி," என்றார் எட்மண்ட்.

பாக்கெட்டில் செல்போன் துடிக்க ஆரம்பித்தது. லாசரஸ் அதை எடுத்துப் பார்த்தார். பெருங்களத்தூர் நர்ஸ். அவர் விரல் அதை எடுத்துப் பேசப் போவதற்குள் யூனிஸ் செல்போனை வாங்கி, அணைத்து, வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் பிரிட்ஜ் மேல் வைத்தாள்.

தேசம்மா குடையோடு வாசலைத் தாண்டி, செருப்பைக் காலில் தேடியபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். "மாட்டிக்கினியா சார்?" என்றாள். சிரித்துக்கொண்டே லிஃப்ட்டுக்குப் போனாள்.

லாசரஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் யூனிஸ் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டி, அதை நைட்டிப் பையில் போட்டுக்கொண்டு தூங்கப் போனாள்.